இரண்டாம் மேசையின் ஜோடி

அந்த அரைப்பக்கத்தை என்னை எழுதச் சொன்னதே தண்டனைக்குத்தான். வருஷா வருஷம் எங்க பயிற்சி மையத்துல குளிர்காலச் செய்தின்னு நாலு பக்கத்துக்கு ஒரு தாள் அடிச்சுக் குடுப்பாங்க. யார் தையல் பழகினாங்க, யாருக்கு வெளியில வேலை கிடைச்சுது, சக்கர நாற்காலி வழுக்காம இருக்க வாசல் சரிவுல மணல் தூவினது, கேரம் போட்டியில யார் ஜெயிச்சாங்க, எல்லாம் அதுல வரும். எழுதுறது நான்தான். கடைசிப் பக்கத்துல மட்டும் எங்க ஆளுங்கள்ல ஒருத்தரோட வாழ்க்கையைப் பத்தி அரைப்பக்கம். இந்த வருஷம் மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "மச்சக்காரியைப் பத்தி நீயே எழுதிடு"ன்னாங்க. உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா அவங்களுக்கு. எழுதிக் குடுத்துட்டேன். அதுல இருக்கிறதெல்லாம் நல்ல வார்த்தை. இது அதுல போடாதது.

என்னைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். எனக்கு வலது கை சும்மா தொங்கும், ஒரு வேலைக்கும் ஆகாது. குழந்தையில வந்த காய்ச்சல் பண்ணின வேலை. இடது கை ரெண்டு கை வேலையைச் செய்யும், வாய் நாலு பேர் வேலையைச் செய்யும். மையத்துல எனக்குப் பேரு ரேடியோ. யார் வச்சாங்கன்னு தெரியாது, தெரிஞ்சா விட்டிருக்க மாட்டேன். ஆனா பொய்யில்லை. நான் வாயை மூடினா எனக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்.

எங்க இடத்துல ஒரு மேசைக்கு ரெண்டு பேர். ஒருத்தர்கிட்ட இல்லாதது இன்னொருத்தர்கிட்ட இருக்கிற மாதிரி பார்த்துப் போடுவாங்க. கால் வராதவரும் நடக்கிறவரும் ஒரு மேசை, கை நடுங்குறவரும் நடுங்காதவரும் ஒரு மேசை. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள்னு வெளியாளுங்க நினைப்பாங்க. எங்க மாஸ்டர் அதை ஒத்துக்க மாட்டார். ரெண்டு பேர் சேர்ந்தா ரெண்டரை ஆள் வேலை நடக்கணும், இல்லேன்னா நான் ஜோடியை மாத்திடுவேன்னு மிரட்டுவார். இரண்டாம் மேசை மெழுகுவர்த்தி மேசை. ஆறு வருஷமா அதுல நானும் அக்காவும்.

அக்கான்னா கூடப் பிறந்தவ இல்லை. என்னைவிட ஏழு வயசு பெரியவ. பஸ் நிலையத்துல டிக்கெட் கவுன்ட்டர்ல உட்கார்ந்தவ. முப்பது வயசுல பார்வை ஓரத்துலேர்ந்து கருக ஆரம்பிச்சு, மூணே வருஷத்துல மொத்தமா போயிடுச்சு. பேசி வச்ச கல்யாணமும் அதோட போச்சு. மையத்து விடுதியிலயே தங்கிட்டா. அதிகம் பேச மாட்டா. அதுக்குத்தான் நான் இருக்கேனேன்னு நினைச்சுக்குவேன்.

வேலை இப்படி. நீளக் குழாய் மாதிரி தகர அச்சு. நான் திரியைப் பல்லால ஒரு முனை, கையால ஒரு முனை பிடிச்சு அச்சுல கோர்ப்பேன். அடி ஓட்டையைப் பசை வச்சு அடைச்சு, மேல ஒரு குச்சியில திரியை இழுத்துக் கட்டிடுவேன். அக்கா ஜக்குல உருகின மெழுகை எடுத்து ஊத்துவா. விளிம்புக்கு ஒரு விரல் கீழே அச்சுக்குள்ள ஒரு கோடு இருக்கும். மெழுகு அந்தக் கோட்டைத் தொட்டதும் நான் "போதும்"பேன். அக்கா நிறுத்துவா. ஒரு நாளைக்கு நூத்தம்பது தடவை, ஆறு வருஷமா, என் வாய்ல அந்த வார்த்தை வந்ததும் அவ மணிக்கட்டு நிமிரும். எனக்கு அதுல எவ்வளவு பெருமைன்னு இப்பச் சொல்ல வெட்கமா இருக்கு.

நடுவுல நடுவுல ஊர்க்கதை. வெளியில தூறுது அக்கா, மாஸ்டர் இன்னைக்கு ரெண்டு காலுக்கும் வேற வேற சாக்ஸ் போட்டிருக்கார் அக்கா, தையல் கூடத்துப் பொண்ணு அழுதிருக்கா போல மூக்கு சிவந்திருக்கு அக்கா. அவளுக்குக் கண்ணு நான்தான். நான் சொல்லலைன்னா அவளுக்கு விடிஞ்சுதா இருட்டிச்சான்னுகூடத் தெரியாதுன்னு எனக்கு ஒரு நினைப்பு. அவ "ம்"னு சொல்லிக்கிட்டே ஊத்துவா.

இந்தக் குளிர் வந்ததும் ரெண்டு விஷயம் நடந்துது. முதல் விஷயம், ஒரு மெழுகுவர்த்திக் கம்பெனி புதுசா ஒரு கூடம் கட்டியிருக்காங்க, அங்க நம்ம மையத்துலேர்ந்து ஒரு ஜோடியை எடுத்துக்கிறாங்கன்னு சேதி வந்துது. நிரந்தர வேலை. வாசலுக்கே வேன் வரும், தங்குற இடமும் உண்டு. ஒரு ஜோடிதான், ரெண்டு இல்லை. கேட்டவங்க எல்லாரும் எங்க மேசையைத்தான் திரும்பிப் பார்த்தாங்க. நான் அன்னைக்குத் தரையிலயே நடக்கலை.

வீட்டுக்குப் போய் அண்ணனுக்கும் அண்ணிக்கும் சொன்னேன். நான் அவங்க வீட்டுல, சமையலறையை ஒட்டின ஒரு சின்ன அறையில இருக்கேன். அண்ணி நல்லவதான், ஆனா அந்த அறையை எப்ப எடுத்துக்கலாம்னு அவ கண்ணு அளந்துகிட்டே இருக்கும். "அப்ப போறது நிச்சயம்தானா?"ன்னா. நிச்சயம்தான்னேன். மறுநாளே அலமாரியில என் துணிக்குப் பக்கத்துல அவங்க பையனோட புத்தகம் வந்து உட்கார்ந்துடுச்சு. எனக்குக் கோபம் வரலை. எனக்குன்னு ஒரு இடம், கூட அக்கா, இனிமே யார் அலமாரியும் எனக்கு வேண்டாம்னு இருந்தேன்.

ரெண்டாவது விஷயம், மச்சக்காரி.

மேல் உதட்டுக்கு மேல மிளகு அளவுக்கு ஒரு மச்சம். காது கேக்காதவங்க ஆளுக்கு ஒரு சைகையைப் பேரா வச்சுக்குவாங்க. அவளுக்கு உதட்டு மேல ஒரு விரலை வைக்கிறது. அதைப் பார்த்து நாங்க மச்சக்காரின்னு கூப்பிட்டோம். அதிர்ஷ்டக்காரின்னும் அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கே, அதுவும் அவளுக்குத்தான் பொருந்திச்சு. நாப்பது வயசு இருக்கும். ஒரு சலவைக் கூடத்துல பதினோரு வருஷம் படுக்கை விரிப்பு தேய்ச்சவ. அங்க தேய்க்கிற மெஷின் வந்ததும் இவளை அனுப்பிட்டாங்க. புருஷன் லாரி ஓட்டுறார், மாசத்துல பாதி நாள் ரோட்டுல. வந்த முதல் நாள் அவளைத் திரி வெட்டுற இடத்துல போட்டாங்க. நறுக்கு நறுக்குன்னு வெட்டி, அளவு பிசகாம அடுக்கினா. எனக்கு அப்பவே பிடிக்கலை. காரணம் கேட்டா சொல்லத் தெரியாது, அந்த அடுக்கு அவ்வளவு நேரா இருந்துது.

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல். மெழுகுக் கூடத்துல இருமக் கூடாது, மேல தெறிக்கும். ஒன்பது நாள் வீட்டுல கிடந்தேன். கஷாயம் குடிச்சதைவிட, அக்கா தனியா என்ன பண்றாளோன்னு பொருமினதுதான் அதிகம். யார் அவளுக்குப் "போதும்" சொல்றாங்களோ, யார் அவளுக்கு மழையைச் சொல்றாங்களோ.

பத்தாம் நாள் போனேன். கூடத்துல புது ஹீட்டர் வச்சிருந்தாங்க, கண்ணாடி ஜன்னலெல்லாம் பனி பூத்திருந்துது. இரண்டாம் மேசையில என் ஸ்டூல்ல மச்சக்காரி. அவளோட ரெண்டு விரல் அக்காவோட இடது மணிக்கட்டு மேல. அக்கா ஊத்துறா. விரல் லேசா அழுத்துது, அக்கா நிறுத்துறா. அடுத்த அச்சு. ஒரு சத்தம் இல்லை. மெழுகு விழற சத்தம் மட்டும். குளிர்ல அச்சு சில்லிட்டா வர்த்தி விரிசல் விடும். அதுக்காக வெந்நீர்த் தட்டுல அச்சை வச்சு எடுத்துக் குடுக்கிறது வேற நடக்குது, அதையும் இவளே ரெண்டு கையால செய்யறா. ரெண்டு கை. நான் ஒத்தைக் கையால அதைச் செஞ்சா நேரம் இழுக்கும்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அக்கா சிரிச்சா. மச்சக்காரி அவ உள்ளங்கையில என்னமோ விரலால எழுதினா, அக்கா வாய்விட்டுச் சிரிச்சா. ஆறு வருஷத்துல என்கிட்ட அப்படிச் சிரிச்சதில்லை. எனக்கு வயிறு எரிஞ்சுது. உருவகமா சொல்லலை, நிஜமாவே நெஞ்சுக்குழியில சுட்டுது.

"என்னக்கா ஜோக்கு?"ன்னேன்.

"வந்துட்டியாடி. இருமல் போச்சா?"ன்னா. ஜோக்கைச் சொல்லலை.

மேலாளர் அம்மா ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. காலையில நான், மதியத்துக்கு மேல மச்சக்காரி. ரெண்டு ஜோடியையும் கம்பெனிக்காரர் பார்க்கட்டும், அவர் சொல்றதுதான்னாங்க. எங்க ஜோடிக்கு எங்க அக்காவே போட்டின்னா எப்படி இருக்கும். மதியம் நான் திரி வெட்டுற இடத்துல உட்கார்ந்து ரெண்டாம் மேசையையே முறைச்சுக்கிட்டு இருப்பேன். ஆட்டத்துல உப்புக்குச் சப்பாணின்னு ஒருத்தரைச் சேர்த்துக்குவாங்களே, அந்த மாதிரி ஆகிட்டேன். எங்க மையத்துல அந்த வார்த்தையைச் சொன்னா உதை விழும், மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

அந்த வாரம் அறிவிப்புப் பலகையில வாரச் செய்தியை எழுதினப்ப, இரண்டாம் மேசை பெரிய ஆர்டரை முடிச்சதுன்னு போட்டு, அக்கா பேரையும் என் பேரையும் மட்டும் எழுதினேன். மச்சக்காரி அதுக்கு முன்னாடி நின்னு படிச்சா. நான் விட்ட ஒரு எழுத்தைச் சுட்டிக் காட்டினா, அவ்வளவுதான். அவ கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அதுல வேற எனக்கு எரிச்சல்.

இதோட நிறுத்தியிருந்தா நான் சாதாரணப் பொறாமைக்காரி. நிறுத்தலை.

ஒரு மதியம் அக்கா கை தவறிக் கொஞ்சம் மெழுகைக் கொட்டிட்டா. மச்சக்காரி ஒண்ணும் பண்ணலை, பிளேடை எடுத்துச் சுரண்டினா. சாயங்காலம் அக்காவை விடுதிக்குக் கூட்டிப் போகையில நான் சொன்னேன்.

"அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. நீ கொட்டினப்ப அவ மூஞ்சியைச் சுளிச்சா. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி, உன்னை மாதிரியே கண்ணை மூடி, கையைத் துழாவிக் காட்டினா. தையல் கூடத்துக்காரங்க சிரிச்சாங்க."

அக்கா நடந்துகிட்டே இருந்தா. "அப்படியா"ன்னா.

"எனக்கே மனசு கேக்கலை. உன்கிட்ட சொல்லாம இருந்தா அது துரோகம்."

துரோகம்னு நான் சொன்னேன், பாருங்க. இந்த மையத்துலயே இப்படி ஒரு பொய்யை என்னால மட்டும்தான் சொல்ல முடியும். ஒருத்தி பார்த்துச் சரிபார்க்க மாட்டா, இன்னொருத்தி கேட்டு மறுக்க மாட்டா. நடுவுல கண்ணும் காதும் உள்ளவ நான். மத்த மேசைக்காரங்க யாராவது இதைப் பண்ணியிருந்தா நானே அவங்களைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு நல்லாத் தூக்கம் வந்துது. மறைக்க என்ன இருக்கு.

மறுநாள் மதியம் அக்கா மணிக்கட்டை மச்சக்காரிகிட்ட நீட்டலை. கையை உள்ள இழுத்து வச்சுக்கிட்டா. மச்சக்காரி ஜக்கைத் தட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்துது. அதுக்கு அடுத்த நாளும் அப்படியே. மச்சக்காரி என்கிட்ட ஒரு சீட்டை நீட்டினா. அந்த முத்துக் கையெழுத்துல, "அக்கா ஏன் கை குடுக்க மாட்டேங்கிறாங்க? நான் என்ன தப்பு பண்ணினேன்? நீங்க கேட்டுச் சொல்லுங்க"ன்னு இருந்துது. என்கிட்டயே கேக்கறா. நான் பேனாவை வாங்கி, "தலைவலி"ன்னு ஒரு வார்த்தை எழுதினேன். அவ அக்காவுக்குச் சூடா டீ கொண்டு வந்து வச்சா.

மூணாவது நாள் அக்கா மறுபடி கொட்டினா. கொஞ்சம் இல்லை, பாதி ஜக்கு. நான் தூரத்துலேர்ந்து பார்க்கறேன். கொட்டின கையோட அக்கா இன்னொரு கையை நீட்டி மச்சக்காரியோட முகத்தைத் தொட்டா. நெத்தி, புருவம், வாய், எல்லாத்தையும் மெதுவா தடவினா. காய்ச்சலான்னு பார்க்கறா போலன்னு நான் நினைச்சேன். அதுக்கப்புறம் மணிக்கட்டு பழையபடி நீண்டுது. சமாதானம் ஆகிட்டாங்கன்னு எனக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. அக்கா என்கிட்ட ஒண்ணும் கேக்கலை, நானும் விட்டுட்டேன்.

அந்த வாரம்தான் மேலாளர் அம்மா பலகையைப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டாங்க. "இரண்டாம் மேசையில மூணு பேர் வேலை செஞ்சாங்க. நீ ரெண்டு பேரை எழுதியிருக்க. இப்ப அரைப்பக்கம் எழுது, மூணாவது ஆளைப் பத்தி"ன்னாங்க. நான் பேப்பரும் பேனாவுமா மச்சக்காரி முன்னாடி போய் உட்கார்ந்தேன். நான் எழுதிக் கேக்க, அவ எழுதிப் பதில் சொன்னா. நாலு வயசுல காது போச்சு. அம்மா குரல் ஞாபகம் இல்லை. சலவைக் கூடத்துல யாரும் அவகூடச் சாப்பிட்டதில்லை, சைகை பண்ணிப் பேச அலுப்பு அவங்களுக்கு. இங்க வந்து பிடிச்சது என்னன்னு கேட்டேன். அவ யோசிச்சு எழுதினா. "அக்கா கை. அப்புறம் நீங்க பேசறப்ப உங்க முகம். ஒரு நிமிஷத்துல பத்து மாதிரி மாறுது. நான் அதைத்தான் வெட்டுற இடத்துலேர்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன்."

வெறுக்கக்கூட விட மாட்டாளா ஒருத்தி. அந்தக் கடைசி வரியை அரைப்பக்கத்துல நான் சேர்க்கலை.

கம்பெனிக்காரர் வந்த அன்னைக்கு வெளியில ஒரே மூடுபனி. அவர் கழுத்துல மப்ளரைச் சுத்திக்கிட்டு, ஒரு ஸ்கேலோட வந்தார். ஜோடிக்குப் பன்னிரண்டு அச்சு. முதல்ல அக்காவும் மச்சக்காரியும் ஊத்தினாங்க. அவர் ஸ்கேலை வச்சு அளந்தார். பன்னிரண்டும் கோட்டுல. அப்புறம் நான் உட்கார்ந்தேன். எனக்குப் பதற்றம் வந்தா வாய் இன்னும் ஓடும். "அக்கா பயப்படாத, அந்தாளு உம்முன்னுதான் இருக்கார், ஆனா ஆளு நல்லவர் மாதிரிதான் தெரியுது, மப்ளர்ல ஒரு ஓட்டை இருக்கு..."

"கொஞ்ச நேரம் பேசாம இரு"ன்னா அக்கா.

ஆறு வருஷத்துல முதல் தடவை. அத்தனை பேர் முன்னாடி. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துது. சரி, பேசலை, ஒரு வார்த்தை பேச மாட்டேன், எப்படி ஊத்தறான்னு பார்க்கிறேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அந்தக் கோபத்துல, மெழுகு கோட்டைத் தொட்டப்ப "போதும்"னு சொல்லவே இல்லை.

அக்கா நிறுத்தினா. கோட்டுல சரியா.

அடுத்ததும் நான் சொல்லலை. அதுவும் சரியா நின்னுது. மூணாவது, நாலாவது. அவ தலையை லேசா சாய்ச்சு, காதை அச்சுப் பக்கம் வச்சிருந்தா. மெழுகு ஏற ஏறச் சத்தம் ஒல்லியாகிக்கிட்டே வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பன்னிரண்டும் முடிஞ்சுது, நான் வாயே திறக்கலை. என் கண்ணு எதுக்கும் தேவைப்படலை. கம்பெனிக்காரர் அளந்துட்டு, "ரெண்டு ஜோடியும் ஒண்ணுதான், எனக்கு வித்தியாசம் தெரியலை. ஊத்துறவங்களே சொல்லட்டும், யார் கூட வர்றாங்கன்னு"ன்னார்.

மேலாளர் அம்மா அக்காவைப் பார்த்தாங்க. அக்கா ரெண்டு நிமிஷம்கூட எடுத்துக்கலை. ஒரு விரலைத் தூக்கித் தன் உதட்டு மேல வச்சா.

எல்லாரும் போனப்புறம் நான் அவளைப் பிடிச்சுக்கிட்டேன்.

"ஆறு வருஷம் அக்கா. அவ இந்தக் குளிருக்கு வந்தவ."

"உட்காரு"ன்னா.

"எப்பலேர்ந்து உனக்குச் சத்தத்துலயே தெரியுது?"

"ரெண்டாம் வருஷத்துலேர்ந்து."

"அப்ப நான் சொன்னது?"

"நீ சொல்லட்டும்னு கொஞ்சம் நிதானிச்சு ஊத்துவேன். நீ சொன்னதும் நிறுத்துவேன். உனக்கு அது பிடிக்கும்னு தெரியும்."

எனக்கு அந்த இடத்துல பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துது. நாலு வருஷமா அவ எனக்கு வேலை குடுத்துக்கிட்டு இருந்திருக்கா. நான் அவளுக்குக் கண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

"என் பேச்சுதான் தொந்தரவா?"

"தொந்தரவுதான்"னா, ஒளிக்காம. "உன் பேச்சுக்கு நடுவுல மெழுகைக் கேக்கணும். சாயங்காலம் மண்டை இடிக்கும். ஆனா அதுக்காக உன்னை விட மாட்டேன். மண்டையிடிக்கு மாத்திரை இருக்கு."

"அப்புறம் ஏன்?"

அவ தன் விரல்லேர்ந்து காஞ்ச மெழுகை உரிச்சா.

"அன்னைக்குப் பாதி ஜக்கை வேணும்னுதான் கொட்டினேன்"னா. "கொட்டிட்டு அவ மூஞ்சியைத் தொட்டுப் பார்த்தேன். சுளிக்கலைடி. பயந்துபோய் இருந்துது. என் கை சுட்டிருக்கான்னு விரல் விரலா பிடிச்சுப் பார்த்தா."

ரேடியோ நின்னுபோச்சு.

"நீ பொறாமைப்பட்டது எனக்குத் தெரியும். அது பெரிய விஷயம் இல்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துது, என்னை வச்சு ஒருத்தி பொறாமைப்படறான்னு. ஆனா எனக்கு வெளியே இருக்கிற எல்லாமே நீ சொல்லித்தான் வந்துது. மழை, மனுஷங்க மூஞ்சி, யார் அழுதாங்க, யார் சிரிச்சாங்க. இப்ப ஒவ்வொண்ணா எடுத்து யோசிக்க வேண்டியிருக்கு, இது நிஜமா, இது ரேடியோ போட்டதான்னு. ராத்திரி படுத்தா அதான் ஓடுது. என்னால முடியலைடி."

"அது ஒண்ணுதான் அக்கா பொய். சத்தியமா அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நிஜம்."

"இருக்கலாம்"னா.

இருக்கலாம். அவ என்னைத் திட்டியிருக்கலாம், ரெண்டு அறை விட்டிருக்கலாம். நான் எழுதுற செய்தித்தாள்ல எல்லாத்துக்கும் ஒரு திருத்தம் போடலாம், இதுக்குப் போட இடமில்லை. எத்தனை தடவை சத்தியம் பண்ணினாலும் அதுவும் நான் சொல்றதுதானே.

வீட்டுல அண்ணிகிட்ட வேலை இல்லைன்னு சொன்னேன். அவ அலமாரியிலேர்ந்து பையனோட புத்தகத்தை எடுத்துட்டுப் போனா. அன்னைக்கு அவமேல எனக்கு ஒரு கோபமும் இல்லை, இருந்த கோபம் மொத்தமும் என்மேலதான்.

குளிர் முடியறதுக்கு ஒரு வாரம் இருக்கிறப்ப வேன் வந்துது. மையமே வாசல்ல நின்னுது. மாஸ்டர் வேற பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். மச்சக்காரி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா, அந்தச் சும்மா தொங்குற கையையும் சேர்த்து. அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. அக்கா சொல்லலை, நானும் சொல்லலை. பாவி, நல்லா சந்தோஷமா இருந்தா. எனக்கு அப்பவும் வயிறு எரிஞ்சுதுன்னா நம்புவீங்களா. அக்காவோட பையை அவ தோள்ல மாட்டியிருந்தா, அது ஆறு வருஷமா என் தோள்ல தொங்கின பை.

அக்கா வேன் கதவு வரைக்கும் வந்தா. நான் பக்கத்துல நடந்தேன். பழக்கதோஷம், வாய் தானா வந்துது.

"படி உசரம் அக்கா. காலை நல்லாத் தூக்கி வை."

முன்னெல்லாம் நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ கால் மேல போயிருக்கும். அன்னைக்கு அவ நின்னா. காலைத் தூக்கலை. இடது கையைப் பின்னால நீட்டினா. மச்சக்காரி அந்த மணிக்கட்டைப் பிடிச்சு, மேல, இன்னும் மேலன்னு ரெண்டு தட்டுத் தட்டினா. அதுக்கப்புறம்தான் அக்கா காலைத் தூக்கி வச்சு ஏறினா.

படி உசரம்தான். நான் சரியாத்தான் சொன்னேன்.